காக்லியர் இம்பிளான்டுக்கு முன் உட்காதை அளப்பது எப்படி?

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் கதிரியக்க மருத்துவராக இருக்கிறேன். பிறந்த ஊர் தங்கச்சிமடம். வடக்கே தொண்டி, தேவிபட்டினம், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, கிழக்கே ராமேஸ்வரம் தீவு என்று இந்தக் கரை முழுவதிலிருந்தும் காது கேளாத பிள்ளைகளை எங்களிடம் கூட்டிவருகிறார்கள். கேட்க உதவும் கருவியை உட்காதுக்குள் வைக்கும் காக்லியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை மதுரையிலோ சென்னையிலோ நடக்கும். அந்த அறுவை மருத்துவர் பிள்ளையை மேசையில் படுக்கவைக்கும் வரை அவருக்கு உட்காது என்பது நாம் அனுப்பும் படமும் நாம் எழுதும் ரிப்போர்ட்டும்தான்.

அந்த ரிப்போர்ட்டில் “இரு பக்கமும் காக்லியா இயல்பாக உள்ளது” என்று ஒரே வரி இருந்தால் அவருக்கு எந்த உபயோகமும் இல்லை. காக்லியா என்பது உட்காதில் ஒலியை உணரும் நத்தைச் சுருள். இயல்பான காக்லியாவிலேயே பெரியது உண்டு, சிறியது உண்டு. 1938 இல் ஹார்டி என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்விலேயே சுருளின் நீளம் சுமார் 25 மி.மீ. முதல் 35 மி.மீ. வரை மாறியிருந்தது. 10 மி.மீ. வித்தியாசம்! அதற்குள் செலுத்தும் மின்முனைக் கம்பிகளான எலெக்ட்ரோடுகளும் பல நீளங்களில் வருகின்றன. எது எந்தப் பிள்ளைக்கு என்று முடிவு செய்ய எண் வேண்டும்.

கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு வேறொரு இடத்தில் தடித்த துண்டுகளாக சி.டி. எடுத்து, அளவே இல்லாமல் ரிப்போர்ட் கொடுத்திருந்தார்கள். அறுவை மருத்துவர் அளவு கேட்டார், அந்தப் படத்தில் அளக்க முடியவில்லை. மறுபடி மயக்க மருந்து, மறுபடி கதிர்வீச்சு, தகப்பனுக்கு மறுபடி ஒருநாள் கடல் போச்சு. முதல் ஸ்கேனிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் இதில் எதுவும் நேர்ந்திருக்காது. புதிதாக வரும் ரேடியோகிராபர்களுக்கும், ரேடியாலஜி, ஈ.என்.டி. படிக்கிறவர்களுக்கும் இதை எழுதுவது அதனால்தான்.

பிள்ளை வருவதற்கு முன்

அளவு கெடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் அல்ல, மேசையில் பிள்ளை தலையை அசைக்கும்போது. சி.டி. சில விநாடிகளில் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ.க்கு அரை மணி நேரம், அதற்கு மேலும் ஆகும். முடிந்தால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்கும்படி நேரம் வாங்குங்கள்.

நாள் சொல்லும்போதே பெற்றோரிடம் விளக்கமாகப் பேச வேண்டும். முந்தின இரவு பிள்ளையைத் தாமதமாகத் தூங்கவைத்து விடியலில் எழுப்பச் சொல்வோம். அவர்களும் அப்படியே செய்வார்கள். ஆனால் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாம்பன் பாலத்தில் காற்று அடித்தவுடன் பிள்ளை தூங்கிவிடும். இங்கே வந்து இறங்கும்போது முழு உற்சாகத்தோடு விழித்திருக்கும். அதனால் “பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள்” என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுக் கணக்கையும் எழுதியே கொடுங்கள்: தெளிந்த நீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பவுடர் பாலுக்கும் மற்ற உணவுக்கும் 6 மணி நேரம். தூக்க மருந்தை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவர ஒருபோதும் சொல்லாதீர்கள். எடைக்கேற்ற அளவும் கண்காணிப்பும் மருத்துவர் முன்னால்தான்.

படம் எடுக்கும்போது

இங்கே மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலாவது, துண்டின் தடிமன் 0.6 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. ஸ்கேன் தரவிலிருந்து படங்களை ஆக்கும் மறுஉருவாக்கத்தில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியிருக்கட்டும், அதாவது 0.3 மி.மீ. இடைவெளி. அடுத்தது, எலும்பின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் கெர்னல் என்ற கணினி வடிகட்டி.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தலை முழுவதையும் ஒரே பரப்பில் மறுஉருவாக்கம் செய்தால் 240 மி.மீ. அகலம் 512 புள்ளிகளில் அடங்க வேண்டும். ஒரு புள்ளி கிட்டத்தட்ட 0.47 மி.மீ. வலது காதையும் இடது காதையும் தனித்தனியே 90 மி.மீ. பரப்பில் மறுஉருவாக்கம் செய்தால் ஒரு புள்ளி 0.18 மி.மீ. தான். பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு துளி கதிர்வீச்சும் கிடையாது. அதே தரவுதான், கணினி வேலை மட்டும் கொஞ்சம் அதிகம். பரப்பு உட்காதைச் சூழ்ந்த பெட்ரஸ் எலும்பின் மேல் விளிம்பு முதல் காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பின் நுனி வரை இருந்தால் போதும். தாடையைச் சற்று இறக்கி வைத்தால் கண்வில்லை கதிரின் பாதையிலிருந்து விலகிவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் திரவத்தை வெள்ளையாகக் காட்டும் முப்பரிமாண டி2 வரிசை வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சிலர் சிஸ் என்பார்கள், சிலர் ஃபியஸ்டா என்பார்கள்.

சரியான தளத்தைப் பிடிப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏ அளவு என்பது, நடுக்காதிலிருந்து காக்லியாவுக்குள் திறக்கும் சவ்வு மூடிய சிறு வாசலான ரவுண்ட் விண்டோவின் நடுவிலிருந்து, காக்லியாவின் நடுத்தண்டான மோடியோலஸ் வழியாக, அடிச்சுருளின் எதிர்ச்சுவர் வரை போகும் மிக நீண்ட நேர்கோடு. தலையைக் கிடைமட்டமாக வெட்டிக் காட்டும் சாதாரண ஆக்சியல் படத்தில் இந்தக் கோடு முழுதாக அகப்படாது, ஏனென்றால் காக்லியா மண்டையோட்டுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

நம் கரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சங்கு போதும். ராமேஸ்வரம் கடைத்தெருவில் கிடைக்கும் சங்கு ஒன்றைக் கையில் எடுங்கள். நுனி உங்கள் கண்ணைப் பார்க்கும்படி பிடித்தால் சுருள் முழுவதும் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும், அகலத்தை அளக்கலாம். பக்கவாட்டில் திருப்பினால் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், உயரத்தை அளக்கலாம். இரண்டுக்கும் நடுவே கோணலாகப் பிடித்தால் வட்டம் ஒடுங்கிவிடும், அங்கே எடுக்கும் எந்த அளவும் குறைவாகத்தான் வரும். நுனியிலிருந்து பார்க்கும் அந்தப் பார்வைதான் நமக்கு வேண்டிய காக்லியர் வியூ.

படத்தை எந்தத் தளத்திலும் வெட்டிப் பார்க்க உதவும் எம்.பி.ஆர். திரையைத் திறந்து மூன்று ஜன்னல்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சியலில் மெல்ல நகர்ந்து, நரம்புகள் உட்காதுக்கு வரும் உட்காதுக் கால்வாயின் அடியும் மோடியோலஸும் சேர்ந்து தெரியும் மட்டத்தில் நிற்கவும். குறுக்குக் கோடுகள் சந்திக்கும் புள்ளியை மோடியோலஸின் நடுவில் வையுங்கள். இப்போது ஒரு கோட்டை மோடியோலஸின் அச்சோடு ஒத்துப்போகத் திருப்புங்கள். அந்த அச்சு கால்வாயின் அடியிலிருந்து முன்னாலும் வெளியாலும் சாய்ந்து போகும். மற்றக் கோடு தானாகவே அச்சுக்குச் செங்குத்தாகி அடிச்சுருளின் நீளவாக்கில் படுக்கும். அப்புறம் இரண்டாவது ஜன்னலுக்குப் போய், அதிலும் கோட்டை அடிச்சுருளின் மீது படியும்படி சாய்க்க வேண்டும். மூன்றாவது ஜன்னலில் காக்லியா சுருளாக விரியும்.

விரிந்ததும் அளக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஒரே படத்தில் ரவுண்ட் விண்டோவும் தெரிகிறதா, எதிர்ச்சுவரும் தெரிகிறதா, அடிச்சுருள் எங்கும் அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் தளம் இன்னும் கோணல். முதல் ஜன்னலுக்குத் திரும்பிப் போய்ச் சிறிது திருப்புங்கள். துண்டை 1 மி.மீ. அளவுக்குத் தடிமனாக்கினால் இரண்டு முனையும் ஒரே படத்தில் வர உதவும். கைப்பழக்கம் வரும்வரை இதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

கோடு போடுவது

திரையில் கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் வரம்புக்கும் விண்டோ என்றுதான் பெயர். அதை அகலமாக வையுங்கள்: அகலம் 4000, மையம் 700 என்ற அளவை ஒட்டி. விண்டோ குறுகலாக இருந்தால் எலும்பின் விளிம்பு தடித்துக்கொண்டு உள்ளே வரும், காக்லியா சிறியதாகத் தோன்றும். ஒரே பிள்ளையை இரண்டு பேர் இரண்டு விண்டோவில் அளந்து இரண்டு எண் சொல்வது இப்படித்தான் நடக்கிறது.

ரவுண்ட் விண்டோவின் சவ்வு இருக்கும் இடத்தின் நடுவே தொடங்குங்கள். அதற்கு வெளியே உள்ள குழியில் தொடங்கினால் அளவு கூடிவிடும். கோடு மோடியோலஸின் நடுவைத் தாண்டி, திரவமும் எலும்பும் சந்திக்கும் எதிர்விளிம்பில் முடிய வேண்டும். இது ஏ. இதற்குச் செங்குத்தாக, அதே மோடியோலஸ் வழியாக, அடிச்சுருளின் ஒரு வெளிச்சுவரிலிருந்து மறு வெளிச்சுவர் வரை போடுவது பி. பிறகு மோடியோலஸ் அச்சோடு போகும் பக்கவாட்டுத் தளத்துக்கு மாறி, அடியிலிருந்து நுனி வரை உயரம்.

ஏ அளவு பெரும்பாலும் 8 முதல் 10.5 மி.மீ.க்குள் வரும், சராசரி 9 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். பி 7 மி.மீ.யை ஒட்டியும், உயரம் 4 மி.மீ.யை ஒட்டியும் இருக்கும். ஒவ்வொன்றையும் தளத்தைக் கலைத்துவிட்டு மறுபடி அமைத்து இரண்டாம் முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரே பிள்ளையின் இரண்டு காதுகளும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். வலதுக்கும் இடதுக்கும் ஏ அளவில் அரை மி.மீ. வித்தியாசம் வந்தால், பிள்ளையின் காதைச் சந்தேகிக்கும் முன் உங்கள் தளத்தைச் சந்தேகியுங்கள்.

அரை மி.மீ.தானே என்று தோன்றலாம். காக்லியாவின் நீளத்தைக் கணிக்க அலெக்ஸியாடிஸும் சக ஆய்வாளர்களும் 2015 இல் கொடுத்த சூத்திரம் எளிமையானது: ஏ அளவை 4.16 ஆல் பெருக்கி 4 ஐக் கழிக்க வேண்டும். ஏ 9.2 என்றால் நீளம் 34.3 மி.மீ. ஏ 8.3 என்றால் 30.5 மி.மீ. அப்படியானால் ஏ அளவில் நேரும் 0.5 மி.மீ. பிழை நீளத்தில் 2 மி.மீ.க்கு மேல் போய் நிற்கும். மெட்-எல் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸ் 28 எலெக்ட்ரோடில் 12 தொடுமுனைகள் 2.1 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. நம் சிறு பிழை ஒரு தொடுமுனையையே இடம் மாற்றிவிடும். காக்லியாவில் ஒவ்வொரு இடமும் ஒரு சுருதிக்கு உரியது: அடியில் கீச்சொலி, நுனியில் கனத்த ஒலி.

இரண்டு சுற்றுகள் வரையிலான நீளம் வேண்டுமென்றால் ஏ அளவில் 1 ஐக் கழித்து 3.65 ஆல் பெருக்கவும். ஏ 9.2 க்கு அது 29.9 மி.மீ., 8.3 க்கு 26.6 மி.மீ. முதல் பிள்ளைக்கு 28 மி.மீ. எலெக்ட்ரோடு வசதியாகப் போகும். இரண்டாவது பிள்ளைக்கு அதே நீளம் இரண்டு சுற்றையும் தாண்டும், 24 மி.மீ. பற்றியும் அறுவை மருத்துவர் யோசிப்பார். நீளம் அதிகமானால் நுனி மடங்கலாம், மெல்லிய சவ்வு கிழியலாம், மிச்சமிருக்கும் கேள்திறனும் போகலாம். குறைந்தால் கனத்த ஒலிகளுக்கான பகுதி தொடப்படாமலே நிற்கும். மோடியோலஸை ஒட்டி வளையும் வகைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உள்வளைவில் போவதால் குறைந்த நீளத்திலேயே அதே கோணத்தை எட்டிவிடும். எலெக்ட்ரோடைத் தேர்வு செய்வது நம் வேலை அல்ல, தேர்வுக்கு வேண்டிய எண்ணைத் தவறில்லாமல் தருவதுதான் நம் வேலை.

ஓட்டோபிளான் போன்ற மென்பொருள்கள் ஏ, பி, உயரம் மூன்றையும் வாங்கிக்கொண்டு நீளத்தையும் கோணத்தையும் தாமே கணக்கிடும். ஏ அளவை மட்டும் நம்புவதைவிட பி அளவையும் சேர்த்துக் கணக்கிடுவது மேல் என்பது என் கருத்து, ஏனென்றால் சில காக்லியாக்கள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கின்றன. ஆனால் மென்பொருள் வைக்கும் புள்ளிகளை உங்கள் கண்ணால் சரிபார்க்காமல் எண்ணை நகலெடுக்காதீர்கள்.

காக்லியாவைத் தாண்டி

காக்லியர் நரம்பு நுழையும் எலும்புக் கால்வாயை, மோடியோலஸ் நடுவாகத் தெரியும் ஆக்சியலில் அளக்க வேண்டும். 1.4 மி.மீ.க்குக் குறைந்தால் நரம்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கலாம். உட்காதுக் கால்வாயே 2 மி.மீ.க்குக் கீழே ஒடுங்கியிருந்தாலும் அதே சந்தேகம்தான். முடிவு சொல்ல எம்.ஆர்.ஐ. வேண்டும்: கால்வாய்க்குச் செங்குத்தாக வெட்டினால் நான்கு நரம்புகள் நான்கு புள்ளிகளாகத் தெரியும். முன்னால் மேலே முகநரம்பு, முன்னால் கீழே காக்லியர் நரம்பு, பின்னால் மேலும் கீழும் சமநிலை நரம்புகள். காக்லியர் நரம்பு முகநரம்பைவிடத் தடிமனாகவோ அதே அளவாகவோ இருக்க வேண்டும். அந்த இடத்தில் புள்ளியே இல்லையென்றால் எவ்வளவு அழகான காக்லியாவாக இருந்தும் பயன் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மூளைத்தண்டு இம்பிளான்ட் பற்றி யோசிக்க வேண்டிவரும்.

உட்காதிலிருந்து பின்னோக்கிப் போகும் மெல்லிய எலும்புக் குழாயான வெஸ்டிபுலர் அக்வடக்டை நடுப்பகுதியில் ஓடும் திசைக்குச் செங்குத்தாக அளக்கவும். நடுவில் 1 மி.மீ., வாயில் 2 மி.மீ. எட்டினாலே பெரிதாகிவிட்டது என்றுதான் இன்றைக்குக் கொள்கிறார்கள். 1978 இல் வால்வசோரி வைத்த எல்லை 1.5 மி.மீ. அவசரத்துக்கு, பக்கத்தில் ஓடும் பின் அரைவட்டக் குழாயைவிட அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரிதாக இருந்தால் காக்லியாவைத் திறக்கும்போது திரவம் பீறிட்டு வரலாம். அறுவை மருத்துவர் முன்னமே அறிந்திருந்தால் அதற்கு ஏற்பாட்டோடு போவார்.

முகநரம்பின் பாதை, மேலேறி ரவுண்ட் விண்டோவை மறைக்கும் ஜுகுலர் பல்ப் என்ற இரத்தநாளப் புடைப்பு, மாஸ்டாய்டில் காற்றறைகள், நடுக்காதில் சளி, கருவி உட்கார வேண்டிய இடத்தில் மண்டையோட்டின் தடிமன். இவை எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு வரி எழுதினால் போதும்.

உருக்குலைந்த காக்லியாவில் மேலே சொன்ன சூத்திரம் செல்லாது. அது இரண்டரைச் சுற்றை நம்பிப் போட்ட கணக்கு. கார்லோ மொந்தினி 1791 இலேயே விவரித்த, ஒன்றரைச் சுற்றோடு நிற்கும் காக்லியாவை அதில் போட்டால் பொய் எண் வரும். காக்லியாவும் பக்கத்து வெஸ்டிபியூலும் பிரியாமல் ஒரே பொதுக்குழியாக இருந்தால் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கிச் சுற்றளவைக் கொடுங்கள். மோடியோலஸே இல்லாமல் கால்வாய் நேராகக் காக்லியாவுக்குள் திறந்திருந்தால் அதை ரிப்போர்ட்டின் முதல் வரியில் எழுதுங்கள். சென்னரோலு, சாட்சி என்ற இரண்டு மருத்துவர்கள் 2002 இல் வகுத்த பிரிவுகளை மனதில் வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லலாம். நம் பக்கத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம், மரபணுவால் வரும் செவிடும் அதிகம். ஆனால் கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் குறையுள்ள பிள்ளைகளின் உட்காது பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். அவர்களுக்குத்தான் வெறும் “இயல்பு” ரிப்போர்ட் போய்ச் சேர்கிறது.

மூளைக்காய்ச்சலுக்குப் பின் கேள்திறன் போன பிள்ளை வந்தால் வரிசையில் காத்திருக்க வைக்காதீர்கள். காக்லியாவுக்குள் எலும்பு வளரத் தொடங்கியிருக்கலாம், வாரங்களில் வழி அடைபடும். சி.டி.யில் எலும்பு தெரியும் முன்பே எம்.ஆர்.ஐ.யில் திரவத்தின் வெண்மை மங்கிவிடும். மங்கியிருந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை பார்க்காமல் அறுவை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

எழுதுவதும் கொடுத்தனுப்புவதும்

நான் எழுதும் மாதிரி இது: “வலது காது: ஏ 9.1, பி 6.8, உயரம் 3.9 மி.மீ. கணித்த நீளம் 33.9 மி.மீ., இரண்டு சுற்றுக்கு 29.6 மி.மீ. நரம்புக் கால்வாய் 2.0 மி.மீ. அக்வடக்ட் நடுவில் 0.6 மி.மீ. எம்.ஆர்.ஐ.யில் காக்லியர் நரம்பு உள்ளது. சுருளில் திரவம் முழுமையாக உள்ளது.” இடது காதுக்குத் தனிப் பத்தி. எந்தச் சூத்திரம், எந்த மென்பொருள் என்பதையும் கடைசியில் சேர்ப்பேன், அறுவை மருத்துவர் வேறு கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பலாம்.

ரிப்போர்ட் வாங்க வரும் தாய்மார் கேட்பது வேறு கேள்வி. “படத்துல பிள்ளைக்குக் காது நல்லா இருக்கா டாக்டரம்மா?” என்பார்கள். நானும் எண்ணைச் சொல்லாமல், “உள்ளே கருவி வைக்க வழி இருக்கும்மா, நரம்பும் தெரியுது. சீக்கிரம் போங்க, ஆறு வயசுக்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டுல வரும்” என்று சொல்வேன். வழி இல்லாதபோதும் மழுப்பாமல், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

ஃபிலிமை மஞ்சள் பையில் சுருட்டி மதுரைக்கு எடுத்துப் போகிறார்கள். அதை வைத்து எவராலும் அளக்க முடியாது. மெல்லிய துண்டுகள் முழுவதும், இரு காதும் தனித்தனியாக, டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் சி.டி. தட்டிலோ பென்டிரைவிலோ போக வேண்டும். கொடுக்கும் முன் வேறொரு கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பிரதி போடுங்கள். ஒன்று மருத்துவமனைக்கு. மற்றது ஆதாரும் ரேஷன் கார்டும் இருக்கும் பையில் வீட்டிலேயே இருக்கட்டும். பிறக்கும்போதே காக்லியா முழு அளவை எட்டிவிடுவதால், பின்னாளில் மற்றக் காதுக்கும் இம்பிளான்ட் வைத்தால் காக்லியாவின் நீளத்துக்காக மட்டும் அந்தப் பிள்ளையை மறுபடி சி.டி. மேசையில் படுக்கவைக்க வேண்டியதில்லை.